ஓம்னா மந்திரம் இல்லீங்க

போன வியாழக்கிழமை, காலைல ஒன்பதரைல இருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும், ஒரு ஏசி ரூம்ல உக்கார வச்சு நான் யாருன்னு எனக்கே சொல்லிக் கொடுத்தாங்க.

ஆபீஸ் பயிற்சிங்க. பல நாட்டுக்காரங்களை, பல மொழிக்காரங்களைக் கவனிச்சுக்கிறது எப்படின்னு.

நான் சிட்னிக்கு மேற்கால, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம், வயசானவங்களை வீட்டுக்கே போய்ப் பாத்துக்கிற ஒரு நிறுவனத்துல வேலை பாக்குறேன். (தோசைக்கும் கொத்து ரொட்டிக்கும் பஞ்சமே இல்லாத ஏரியா. சேந்து ஏழு வருஷம் ஆச்சு, எட்டு கிலோ ஏறியிருக்கேன்.) இந்த நாட்டுல எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆபீஸ் பாஷையில 'கால்ட்'னு பேரு. கல்ச்சுரலி அண்ட் லிங்குவிஸ்டிக்லி டைவர்ஸ். சுருக்கினா சளி மருந்து பேர் மாதிரி இருக்கும்.

முதல் ஸ்லைடு, பனிப்பாறை. தண்ணிக்கு மேல கொஞ்சம், அடியில நிறைய, கலாச்சாரமும் அப்படித்தானாம். இந்தப் படம் இல்லாம உலகத்துல எங்கயும் கல்ச்சர் வகுப்பு நடந்ததே கிடையாது, நானும் நாலஞ்சு பாத்துட்டேன். அப்புறம் எல்லாரும் அவங்கவங்க ஊர்ச் சாப்பாடு ஒண்ணு சொல்லணும். நான் 'பழைய சோறு'ன்னேன். அதை விளக்கவே பத்து நிமிஷம் போச்சு.

இதெல்லாம் கூடப் பரவால்ல. அடுத்து ஒரு புக்லெட் கொடுத்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஏறிடுச்சு.

ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேத்து ஒரே பக்கம் (காகிதம் மிச்சம்). 'இவர்கள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். பெரும்பாலும் சைவ உணவு. முடிவுகளைக் குடும்பத்தின் மூத்த ஆண் எடுப்பார். வலியை வெளியே சொல்ல மாட்டார்கள். பிரார்த்தனைக்கு இடம் கொடுக்கவும்.'

எங்க வீட்டுல மூத்த ஆண் எங்கப்பா. என்ன சட்டை போடணும்ங்கிற முடிவைக் கூட அவர் எடுத்து நான் பாத்ததில்ல. வலியை வெளியே சொல்ல மாட்டாங்களாமே? எங்க பெரியம்மாவுக்கு முழங்கால் வலின்னா அது திருச்சிக்கே தெரியும்.

மத்தியானம் நான் சிக்கன் சாண்ட்விச்சை எடுத்தப்ப பக்கத்து சீட்டுக்காரம்மா ரொம்ப அக்கறையா காதோரம் சொன்னாங்க: "அதுல கறி இருக்குப்பா."

சரி, எனக்கு நடந்தது கிடக்கட்டும். அந்தப் பக்கத்தைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு அம்மம்மா.

எண்பத்தோரு வயசு. யாழ்ப்பாணம் குருநகர்க்காரங்க. மகளோட இருக்காங்க, மகள் பகல்ல வேலைக்குப் போயிடுவாங்க. சுகர் இருக்கு. வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்து போவாங்க. நல்ல பொண்ணு, தங்கமான மனசு, நான் இப்பச் சொன்ன மாதிரி ஒரு பயிற்சிக்குப் போய்ட்டு வந்து ஒரு மாசம் கூட ஆகல.

நர்ஸ் இங்கிலீஷ்ல கேட்டிருக்கா. வலி ஏதாவது இருக்கா? மாத்திரை போடுறீங்களா? சாப்பாட்டோட போடுறீங்களா? அம்மம்மா கண்ணை மூடிச் சாஞ்சு உக்காந்துக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும்:

"ஓம்... ஓம்... ஓம்."

யாழ்ப்பாணத்துல 'ஓம்'னா 'ஆமாம்'. அவ்வளவுதான். கடையில மிச்சக் காசு சரியான்னு கேட்டாலும் ஓம்தான்.

நர்ஸ் என்ன பண்ணா தெரியுமா? இந்து மூதாட்டி, தியானத்துல இருக்காங்கன்னு நினைச்சு, சத்தம் வராம எழுந்து, கதவைச் சாத்திட்டு, வெளியில பத்து நிமிஷம் நின்னிருக்கா. மரியாதைக்கு! கோப்புல வேற எழுதிட்டா, பிரார்த்தனை நேரத்துல தொந்தரவு செய்யக் கூடாதுன்னு.

அம்மம்மா கையில அப்ப செபமாலை இருந்தது. சுவத்துல அந்தோனியார் படம். அவங்க கத்தோலிக்கர்.

பின்னாடி நான் இதைச் சொன்னப்ப அம்மம்மா வயிறு குலுங்கச் சிரிச்சாங்க. "நான் வேதக்காரி பிள்ளை. அவ என்னவோ கேட்டவ, பாவம் எண்டு நான் ஓம் எண்டனான். பேந்து பாத்தா ஆளைக் காணேல்ல."

பாவம் எண்டு! கேள்வி புரியல. ஆனா இவ்வளவு அன்பாக் கேக்குற புள்ளைக்கு இல்லன்னு எப்படிச் சொல்றதுன்னு ஓம் போட்டிருக்காங்க.

இது வரைக்கும் நர்ஸைக் கிண்டல் பண்ணியாச்சு. இப்ப என் முறை.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு அந்த நர்ஸ்கிட்ட இருந்து போன். "நீங்க தமிழ்தானே? இவங்க ஏதோ சொல்றாங்க, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க." நான் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. அதுக்குன்னு பரீட்சை இருக்கு, 'நாட்டி'ன்னு 1977-ல இருந்து ஒரு அமைப்பே நடத்துது. ஆனா ஆபீஸ்ல ஒரு தமிழ் முகம் இருந்தா போதும், அது எல்லாத் தமிழுக்கும் பொறுப்பு. நானும் பெருமையா வாங்கிப் பேசினேன்.

அம்மம்மா சொன்னாங்க: "பிள்ளை, வருத்தம் கூடிப்போச்சு. விடியத் தொடக்கம் சத்தி. அந்தரமாக் கிடக்கு."

நான் திருச்சிக்காரி. எனக்கு வருத்தம்னா மனசு கஷ்டம். சத்தின்னா... சக்தியைத்தான் இப்படிச் சொல்றாங்க போலன்னு எடுத்துக்கிட்டேன்.

நர்ஸ்கிட்ட தெளிவா, தன்னம்பிக்கையோட சொன்னேன்: "மனசுல ரொம்பத் துக்கமா இருக்காங்க. ஆனா காலைல இருந்து தெம்பு வந்திருக்காம்."

அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி.

"தெம்பா? இப்பதான் என் ஷூ மேலயே வாந்தி எடுத்தாங்க."

வருத்தம்னா நோய். சத்தின்னா வாந்தி. இதோட நின்னிருந்தாக் கூடப் பரவால்ல. நான் சொன்ன அந்த 'துக்கம்' கோப்புல ஏறி, அடுத்த வாரம் மனநல ஆலோசகர் ஒருத்தர் அவங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டார். "எனக்கு விசர் எண்டு ஆர் சொன்னது?"ன்னு அம்மம்மா சண்டைக்கு நின்னாங்க. (விசர்னா பைத்தியம்.) ஆர் சொன்னதுன்னு நான் இன்னும் சொல்லல. (இதைப் படிக்கிற அவங்க பேத்தி, தயவு செஞ்சு வாயைத் திறக்காதம்மா.)

அப்புறம் நேர்ல போனேன். இந்தத் தடவை தெரிஞ்ச மாதிரி நடிக்கிறதில்லன்னு முடிவு பண்ணி, ஒவ்வொரு வார்த்தைக்கும் 'அப்படின்னா என்ன அம்மம்மா?'ன்னு கேட்டேன். மாத்திரையை அவங்க 'குளிசை'ங்கிறாங்க. ஜலதோஷம் 'தடிமன்'. தலைவலி 'தலையிடி'. வலிக்குதுன்னா 'நோகுது'. சுகர் 'சீனி வருத்தம்'. ஒரு மணி நேரத்துல நான் அந்த வீட்டுல எல்கேஜி.

விஷயம் என்னன்னா, புதுசா மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருக்காங்க. அதை வெறும் வயித்துல போட்டா சில பேருக்கு வயித்தைப் பிரட்டும், அதனாலதான் சாப்பாட்டோட போடச் சொல்றது. அம்மம்மா விடியக்காலைல வெறும் தேத்தண்ணியோட போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. சாப்பாட்டோடவான்னு நர்ஸ் கேட்டா, இவங்க ஓம்னாங்க, அவ கதவைச் சாத்திட்டுப் போனா. முடிஞ்சது கதை.

அதுலயும் வாரத்துல மூணு நாள்தான் போட்டிருக்காங்க. அது ஏன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்கு நேரம் ஆச்சு.

ஆர்தர் க்ளைன்மன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர், மானுடவியலும் படிச்சவர். 1978-ல அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. நோயாளிகிட்ட என்னென்ன கேக்கணும்னு அதுல சில கேள்விகள் இருக்கு. ரொம்பச் சாதாரணமான கேள்விங்க. இது எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க? ஏன் அப்பப் பாத்து வந்துச்சு? இதுல உங்களுக்கு எதுக்கு ரொம்பப் பயம்? எங்க பாட்டி கேக்குற மாதிரி இருக்குல்ல? இதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையா எழுத வேண்டியிருந்ததுங்கிறதே மருத்துவப் படிப்பைப் பத்தி ஏதோ சொல்லுது.

அம்மம்மாகிட்ட கேட்டேன்.

எதனால வந்துச்சு? "யோசிச்சு யோசிச்சு வந்தது." எப்ப? "95 இடப்பெயர்வோட." 1995 அக்டோபர் கடைசில, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணமே ராத்திரியோட ராத்திரியா நடந்து தென்மராட்சிப் பக்கம் போச்சே, அது. அவங்களைப் பொறுத்த வரைக்கும் சீனி அந்த ரோட்டுலதான் உடம்புக்குள்ள வந்தது.

எதுக்குப் பயம்? சேலை முந்தானையை முறுக்கிக்கிட்டே சொன்னாங்க: "முதல் குளிசை. பேந்து ஊசி. பேந்து காலை வெட்டுவாங்கள். தம்பிக்கு அப்படித்தான் செய்தவை."

அவங்க கணக்குல குளிசைதான் முதல் படி. அதைக் குறைச்சாக் காலைக் காப்பாத்தலாம். முட்டாள்தனம்னு சொல்லிட முடியாதுங்க, அவங்க கண்ணால பாத்த வரிசை அது. இதை மாத்திப் புரிய வைக்கணும்னா, முதல்ல இப்படி ஒண்ணு மனசுல இருக்குன்னு தெரியணுமே. அந்தப் புக்லெட்ல எந்தப் பக்கத்துல இருக்கு இது?

பட்டியல் போட்டுக் கலாச்சாரம் கத்துக்கொடுக்கிறதுல இதுதான் எனக்கு எரிச்சல். தெரியாதவங்க கேப்பாங்க. தெரியும்னு நினைக்கிறவங்க கேக்க மாட்டாங்க. அந்த நர்ஸ் பயிற்சிக்கே போகாம இருந்திருந்தா, "ஓம்னா என்னங்க?"ன்னு யார்கிட்டயாவது கேட்டிருப்பா.

நான் மட்டும் இதைச் சொல்லலீங்க. 1998-ல மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியான்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல ஒரு சம்பவம் வரும். ஆப்பரேஷன் முடிஞ்ச லத்தீன் அமெரிக்கப் பொம்பளை ஒருத்தங்க வலில முனகிட்டு இருக்காங்க. அங்க வந்த லத்தீனோ டாக்டர் ஒருத்தர், இவங்களுக்கு வலி அதிகமா இருக்கு போலயேன்னு நர்ஸ்கிட்ட சொல்றார். அந்த நர்ஸ் கறுப்பினப் பெண். அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னா, நான் கலாச்சார வகுப்புல படிச்சிருக்கேன், இந்த மக்கள் வலியைக் கொஞ்சம் அதிகப்படியாத்தான் காட்டுவாங்கன்னு. பக்கத்துல நிக்கிறதே அதே சமூகத்து டாக்டர்! அவர் பேச்சு எடுபடல, வகுப்புல படிச்சது எடுபட்டுச்சு.

இன்னொண்ணு, 2017-ல நடந்தது. பியர்சன் போட்ட நர்சிங் பாடப் புத்தகத்துல, எந்த இனத்துக்காரங்க வலியை எப்படிக் காட்டுவாங்கன்னு ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தாங்க. யூதர்கள் இப்படி, ஆசியர்கள் இப்படி, கறுப்பர்கள் இப்படின்னு. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடிச்சு ஊர் பூரா பரப்ப, பியர்சன் மன்னிப்புக் கேட்டுட்டு அந்தப் பகுதியையே தூக்க வேண்டியதாப் போச்சு.

நம்ம புக்லெட்டும் அந்தக் கட்டத்துக்குச் சின்னாயி பொண்ணுதான்.

சரி, ஒரே பாஷைக்காரங்களை வேலைக்கு வச்சுட்டா தீந்ததான்னா, என் 'சத்தி' கதையைப் பாத்தீங்கல்ல? என்னுது ஷூவோட போச்சு. 1980-ல ஃப்ளோரிடால அப்படிப் போகல. 18 வயசுப் பையன், கியூபாக் குடும்பம், மயங்கின நிலைல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றாங்க. வீட்டு ஆளுங்க 'இன்டாக்சிகாடோ'ன்னு சொல்றாங்க. கியூபா ஸ்பானிஷ்ல அதுக்கு, சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலன்னு அர்த்தம். ஆஸ்பத்திரில இங்கிலீஷ் 'இன்டாக்சிகேட்டட்'னு எடுத்துக்கிட்டு, போதை மருந்து கேஸ்னு வைத்தியம் பண்ணாங்க. உண்மையில மூளைக்குள்ள ரத்தக் கசிவு. அது தெரியிறதுக்குள்ள நேரம் போயிடுச்சு, பையனுக்குக் கையும் காலும் வராமப் போச்சு. ஆயுசு முழுக்கக் கொடுக்கிற மாதிரி சுமார் 7 கோடி டாலர் நஷ்ட ஈட்டுல வழக்கு முடிஞ்சது. மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடல. தேவைன்னே அங்க யாருக்கும் தோணல. அந்த வார்த்தை புரிஞ்சுடுச்சுன்னு ரெண்டு பக்கமும் நம்பியிருக்காங்க.

எனக்கும் 'வருத்தம்' புரிஞ்சுடுச்சே!

நியூசிலாந்துக்காரங்க இதை வேற பக்கத்துல இருந்து பிடிச்சாங்க. இரிஹாபெட்டி ராம்ஸ்டன்னு ஒரு மவோரி நர்ஸ். மவோரிகளோட பழக்க வழக்கத்தை நர்சுங்க மனப்பாடம் பண்ணணும்னு அவங்க கேக்கல. நர்ஸ் முதல்ல தன்னைப் பாக்கணும், தன்னோட அதிகாரத்தைப் பாக்கணும்னாங்க. கிடைச்ச கவனிப்பு பத்திரமா இருந்துச்சா இல்லையான்னு சொல்ல வேண்டியது நோயாளி. நர்ஸ் தனக்குத் தானே மார்க் போட்டுக்கக் கூடாது. இதுக்குப் பேரு 'கல்ச்சுரல் சேஃப்டி'. 1992-ல நர்சிங் கவுன்சில் இதுக்கு விதிமுறை வகுத்து நர்சிங் படிப்புல கொண்டு வந்தப்ப, பேப்பர்ல திட்டி எழுதி, பாராளுமன்றக் குழு வரைக்கும் போச்சு சண்டை. இப்ப ஆஸ்திரேலியாவுல முதியோர் பராமரிப்பு விதியிலயே அந்த வார்த்தை இருக்கு.

வார்த்தை மட்டும் கடல் தாண்டி வந்துடுச்சு. எங்க ஆபீஸ்ல அதுக்கு அர்த்தம், வருஷத்துக்கு ஒரு நாள் பனிப்பாறை, கடைசில பத்துக் கேள்வி, பாஸ் பண்ணா சர்டிபிகேட். நான் ஒன்பது வாங்கினேன். தப்பானது எது தெரியுமா? 'தெற்காசியர்கள் தலையை ஆட்டினால் என்ன பொருள்?'

(நாலு விடை கொடுத்திருந்தாங்க. நாலும் சரிதான்.)

புக்லெட்டை மட்டும் குறை சொல்லிட்டுப் போயிட முடியாது, எனக்குள்ளயும் ஒண்ணு அச்சடிச்சு வச்சிருக்கேன். போன வருஷம் ஒரு ஆப்கான் பெரியவருக்கு ஆள் போடணும். ஆம்பளை ஆள்தான் கேப்பார்னு நானே முடிவு பண்ணி, ரோஸ்டரைத் தலைகீழாப் புரட்டி ஒருத்தரைப் பிடிச்சு அனுப்பினேன். ரெண்டாம் நாள் பெரியவர் போன்: யார் வந்தாலும் சரி, என் நாயைப் பாத்துப் பயப்படாத ஆளா அனுப்புங்க. நான் நாயைப் பத்தியும் கேக்கல. முஸ்லிம் வீட்டுல நாய் இருக்காதுன்னு அதையும் நானே முடிவு பண்ணியிருந்தேன்.

நல்ல பயிற்சின்னு ஒண்ணு பாத்திருக்கேன். எங்ககூட வேலை பாக்குற நேபாளத்து நர்ஸ் ஒருத்தி, ஒரு நாள் டீ நேரத்துல விளையாட்டா பண்ணா. எங்க எட்டுப் பேரையும் நோயாளியா உக்கார வச்சு, நேபாளியிலயே ஏதோ மாத்திரையைப் பத்தி விளக்கினா. சிரிச்ச முகமா, தோள்ல தட்டி, நடுநடுவுல நிறுத்தி ஏதோ கேட்டா. நாங்க எல்லாரும் தலையாட்டினோம். எங்க மேனேஜர் ரெண்டு தடவை 'எஸ், எஸ்'னார். முடிச்சுட்டு இங்கிலீஷ்ல கேட்டா: "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?"

ஒருத்தருக்கும் தெரியல.

பத்து நிமிஷம். ஒரு ஸ்லைடு கிடையாது. அன்னைக்கு அந்த ரூம்ல எட்டுப் பேரும் ஓம் போட்டோம்.

அதுக்கப்புறம் நான் 'புரிஞ்சுதா?'ன்னு கேக்குறதையே விட்டுட்டேன். அதுக்கு உலகம் பூரா ஒரே பதில்தான். இப்ப, "சாயங்காலம் மகள் வந்து டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டா என்னம்மா சொல்வீங்க?"ன்னு கேக்குறேன். அப்பதான் உண்மையான கதை வெளில வருது. பாதி நாள், தப்பு அவங்க கேட்டதுல இருக்காது, நான் சொன்னதுல இருக்கும்.

ஆனா இதுக்கெல்லாம் நேரம் வேணுமே? எங்க ரோஸ்டர்ல ஒரு வீட்டுக்கு அரை மணி. மொழிபெயர்ப்பாளர் வச்சுப் பேசினா எல்லாமே ரெண்டு தடவை சொல்லணும், அதே அரை மணிதான். பயிற்சிக்கு ஒரு நாள் முழுக்கச் சம்பளம் கொடுக்கத் தயாரா இருக்காங்க. அம்மம்மா வீட்டுக்கு இன்னொரு கால் மணி கேட்டா, பட்ஜெட் இல்ல. பயிற்சி கொடுத்த அம்மா மேல எனக்குக் கோபமே இல்லீங்க, கோபம் இந்தக் கணக்கு மேலதான்.

ஆஸ்திரேலியாவுல வீட்டுல தமிழ் பேசுறவங்க 90,000 பேருக்கு மேல. அதுல இதைப் படிக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். அரசாங்கத்தோட டெலிபோன் மொழிபெயர்ப்பு 131 450, 24 மணி நேரமும் உண்டு. 1973-ல இருந்து நடக்குது, எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த மாநிலத்துல அரசு ஆஸ்பத்திரின்னா மொழிபெயர்ப்பாளர் இலவசம். கேக்கும்போது வெறும் தமிழ்னு சொல்லாதீங்க, இலங்கைத் தமிழா இந்தியத் தமிழான்னு சேத்துச் சொல்லிக் கேளுங்க. தெரிஞ்ச முகம் வந்துடுமோன்னு கூச்சமா இருந்தா, நேர்ல வேண்டாம், போன்ல போதும்னு சொல்லலாம். பொம்பளை ஆள் வேணும்னும் கேக்கலாம். பன்னிரண்டு வயசுப் புள்ளையைக் கூட்டிட்டுப் போய், அம்மாவோட கர்ப்பப்பை விஷயத்தை மொழிபெயர்க்க வைக்காதீங்க. ரெண்டு தடவை பாத்துட்டேன், அந்தப் புள்ள முகத்தை மறக்க முடியல.

அம்மம்மா இப்பக் குளிசையைச் சாப்பாட்டோட போடுறாங்க. தம்பி காலுக்கு என்ன ஆச்சுன்னு டாக்டர் மொழிபெயர்ப்பாளரை வச்சு உக்காந்து பேசினார், அதுக்கப்புறம் எல்லா நாளும் போடுறாங்க. என்னை 'இந்தியாக்காரி'ன்னுதான் கூப்பிடுறாங்க. நர்ஸ் இப்பல்லாம் உள்ள வரும்போதே "ஓம்!"னு சொல்லிட்டுத்தான் வர்றா.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கேன். உடம்பு சரியில்லன்னா ஒவ்வொரு ஊர்லயும் எப்படிச் சொல்றாங்கன்னு. இது வரைக்கும் நூத்திப் பதினாலு வார்த்தை சேந்திருக்கு. மட்டக்களப்பும் மலையகமும் ரொம்பக் குறைச்சலா இருக்கு, நாகர்கோவில் பக்கம் சுத்தமா காலி. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்புங்க. அர்த்தத்தையும் சேத்து எழுதுங்க, நானே ஊகிச்சுக்கிற மாதிரி விட்டுடாதீங்க.